ஒரு தட்டுக்கூட இல்லாத குரல்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபுளோரன்ஸ் மில்ஸ் என்ற கறுப்பின நடிகை 1920களில் நியூயார்க், லண்டன் மேடைகளில் பெரிய நட்சத்திரமாக இருந்தார் என்று படித்திருக்கிறீர்கள். கேட்டுப் பார்க்கலாம் என்று தேடினால் ஒரு பாட்டுக்கூட அகப்படவில்லை. “குரலே கிடைக்காதவரைப் பெரிய பாடகி என்று எப்படி ஒப்புக்கொள்வது? சின்ன வயதில் இறந்துபோனதால் ஏறிய புகழாக இருக்காதா?” என்று கேட்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவர் உயிரோடு இருந்தபோது நிஜமாகவே அவ்வளவு பெரியவரா என்பது ஒன்று. அதற்குப் பதில் உண்டு, ஆதாரமும் உண்டு. அந்தக் குரல் எப்படி இருந்தது என்பது இன்னொன்று. அதற்குக் கிட்டத்தட்ட ஒரு பதில்தான் சொல்ல முடியும்.

நான் முப்பது வருடம் நாடக மாணவர்களுக்குக் குரல் பயிற்சி கொடுத்தவள். வீட்டில் அப்பா பழைய இசைத்தட்டுகள் சேர்த்தார். எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டுகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, 1933இல் மறைந்த ஒருவர் கூடத்தில் உட்கார்ந்து பாடுவது சின்ன வயதில் ஆச்சரியமாகவே தோன்றியதில்லை. தட்டு இல்லாமல் போனவர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று புரிந்தது. மில்ஸைப் பற்றி நான் சொல்வதெல்லாம் படித்தும், அவரைச் சுற்றி இருந்தவர்களின் தட்டுகளைக் கேட்டும் அறிந்தவை. அவரைக் கேட்டவர்கள் எவரும் இன்று இல்லை.

வாஷிங்டன் நகரில் பிறந்தவர். இயற்பெயர் ஃபுளோரன்ஸ் வின்ஃப்ரி. பழைய நூல்கள் பிறந்த ஆண்டை 1895 என்று போட்டிருக்கும். பின்னால் வந்த ஆய்வுகள் 1896 ஜனவரி 25 என்கின்றன. நான் இரண்டாவதையே எடுத்துக்கொள்கிறேன். பெற்றோர் இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள், வர்ஜீனியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். குழந்தை நாலைந்து வயதிலேயே பாடவும் ஆடவும் தொடங்கிவிட்டது. ‘பேபி ஃபுளோரன்ஸ்’ என்ற பெயரில் மேடையேறி, கேக்வாக் நடனப் போட்டிகளில் பரிசும் வாங்கியது. ஏழெட்டு வயதில் ‘சன்ஸ் ஆஃப் ஹாம்’ என்ற நாடகம் வாஷிங்டனுக்கு வந்தபோது அதில் ஒரு பாட்டுக்கு வாய்ப்புக் கிடைத்தது. அந்தப் பாட்டைப் பெயர்பெறச் செய்தவர் ஐடா ஓவர்ட்டன் வாக்கர், அந்தத் தலைமுறையின் முதன்மையான கறுப்பின மேடை நடிகை. சிறுமிக்கு அவரே பாடம் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். குரலை நாற்காலிகளுக்கு மேலே அனுப்பும் வித்தையை ஒரு குழந்தை இப்படித்தான் கற்றுக்கொள்ளும். கூடவே நின்று, பார்த்து, அப்படியே செய்து.

அதன் பிறகு வந்த வருடங்கள் கசப்பானவை. வெள்ளையினப் பாடகிகள் தங்களுக்குப் பின்னால் ஆடிப்பாடிக் கைதட்டல் வாங்கித் தருவதற்காகக் கறுப்பினக் குழந்தைகளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் அன்றைய அமெரிக்க மேடையில் இருந்தது. அந்த வேலையையும் மில்ஸ் செய்தார். பிறகு அக்காக்கள் ஒலிவியா, மாட் இருவருடன் ‘மில்ஸ் சிஸ்டர்ஸ்’ என்று ஊர் ஊராகப் போனார். சிகாகோவின் தெற்குப் பகுதியில் இருந்த பனாமா என்ற இரவு விடுதியில் மூன்று பெண்கள் சேர்ந்து பாடினார்கள்: மில்ஸ், கோரா கிரீன், ஏடா ஸ்மித். ஏடா ஸ்மித்தான் பின்னாளில் ‘பிரிக்டாப்’ என்ற பெயரில் பாரிஸில் இரவு விடுதி நடத்திப் புகழ்பெற்றவர். அங்கிருந்து ‘டென்னசி டென்’ குழுவுக்கு மில்ஸ் போனார். அந்தக் குழுவின் நடனக்காரர் யுலிசிஸ் தாம்சன் பின்னர் அவர் கணவரானார். மெதுவாக நகரும் உடல் வித்தைக்குப் பெயர்போனவர் என்பதால் அவரை எல்லோரும் ‘ஸ்லோ கிட்’ என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தைந்து வயது வரை மில்ஸ் இப்படி அலைந்து பாடிய தொழில்காரி. திடீரென்று வானத்திலிருந்து விழுந்த நட்சத்திரம் என்று எழுதுகிறவர்கள் இந்த இருபது வருடத்தை விட்டுவிடுகிறார்கள்.

1921 மே 23இல் நியூயார்க்கின் 63ஆம் தெருவில், முக்கியமான அரங்குகளிலிருந்து தள்ளியிருந்த ஒரு பழைய மண்டபத்தில், ‘ஷஃபிள் அலாங்’ என்ற இசை நாடகம் தொடங்கியது. இசை யூபி பிளேக், பாடல் நோபிள் சிஸல், கதை மில்லரும் லைல்ஸும். எழுதியவர்கள், நடித்தவர்கள், வாசித்தவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர். 504 காட்சிகள் ஓடியது. தொடக்கத்தில் முக்கியப் பெண் வேடம் கெர்ட்ரூட் சாண்டர்ஸுக்கு. அவர் இன்னொரு கம்பெனி அதிகப் பணம் தருகிறது என்று விலகிப் போக, அந்த இடத்துக்கு மில்ஸ் வந்தார். பெரிய வெற்றி பெற்ற நாடகத்தில் நடுவில் வந்து சேர்வது எவ்வளவு கஷ்டம் என்று மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியும். பார்வையாளர்கள் முதல் ஆளைத்தான் எதிர்பார்த்து வருவார்கள். மில்ஸ் வந்த பிறகு அந்த வேடம் அவருடையதாகிவிட்டது. அதே நாடகத்தைப் பார்க்கும் ஆசையும் சேர்ந்துதான் தன்னை நியூயார்க்குக்கு இழுத்தது என்று கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் பின்னாளில் எழுதினார். அந்த நாடகத்தின் இரண்டாம் பாதியில் மில்ஸ் மேலெழுந்து புகழுக்குப் போனதையும் அவர் குறித்திருக்கிறார்.

உங்கள் கேள்விக்கு மிகவும் உதவக்கூடிய ஒரு துப்பு இங்கே இருக்கிறது. சாண்டர்ஸ் அந்த வேடத்தின் முக்கியமான பாட்டை 1921இலேயே ஓகே கம்பெனிக்குப் பாடிக்கொடுத்தார். அந்தத் தட்டு இருக்கிறது. அந்த வேடத்தை விட்டுப்போனவரின் குரல் நமக்குக் கேட்கிறது, அதை நிரப்பி மறக்கச் செய்தவரின் குரல் கேட்கவில்லை. தட்டு இருப்பதையும் இல்லாததையும் வைத்து ஒரு கலைஞரின் உயரத்தை அளக்கக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

லூ லெஸ்லி என்ற வெள்ளையினத் தயாரிப்பாளர் மில்ஸைத் தன் ‘பிளான்டேஷன்’ இரவு விடுதிக்கு அழைத்துக்கொண்டார். 1922 ஜூலையில் அந்த விடுதி நிகழ்ச்சியே ‘பிளான்டேஷன் ரெவ்யூ’ என்று, நியூயார்க்கின் முக்கிய நாடக வட்டாரமான பிராட்வேயின் அரங்குக்கு ஏறியது. ரெவ்யூ என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொடர்ச்சியான கதை கிடையாது. பாட்டு, நடனம், குட்டிக் குட்டி நகைச்சுவைக் காட்சிகள், நடுவே நட்சத்திரம் வந்து போகும் இடங்கள். கதாபாத்திரம் என்ற போர்வை இல்லாததால் நட்சத்திரம் ஒவ்வொரு முறை வரும்போதும் தன் ஆளுமையாலேயே அரங்கைப் பிடிக்க வேண்டும். கதையின் உருக்கம் அவரைத் தாங்காது. மூன்று நிமிடத்தில் சிரிக்கவைத்து, அடுத்த மூன்று நிமிடத்தில் தொண்டை அடைக்கவைக்க வேண்டும். நல்ல நாடக நடிகைகள் பலர் ரெவ்யூவில் தோற்றிருக்கிறார்கள்.

பிளான்டேஷன் என்ற பெயரையும் கவனியுங்கள். பருத்தித் தோட்டம், அடிமைக் காலம். வெள்ளையினப் பார்வையாளர்கள் காண விரும்பிய சந்தோஷமான தென்னாட்டுப் பொய்யைத்தான் அந்த அரங்க அமைப்புகள் விற்றன. அடிமைகளாகப் பிறந்த இருவரின் மகள் அதற்கு நடுவே நின்று பாடினார். இதை மூடி மறைத்து அவரைப் புகழ எனக்கு மனம் வராது. அவருக்குக் கிடைத்த மேடை அதுதான். அந்த மேடையிலிருந்து அவர் எங்கே நகர்ந்தார் என்பதைப் பார்க்க வேண்டும்.

1923 மே மாதக் கடைசியில் லண்டன். சி. பி. காக்ரன் என்ற பெரிய தயாரிப்பாளர், லண்டன் பெவிலியன் அரங்கில் ‘டோவர் ஸ்ட்ரீட் டு டிக்ஸி’ என்று ஒரு நிகழ்ச்சி வைத்தார். முதல் பாதி ஆங்கிலேய நடிகர்கள், இரண்டாம் பாதி மில்ஸின் குழு. கறுப்பினக் கலைஞர்கள் வந்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று தொடங்குவதற்கு முன்பே எதிர்ப்புக் கிளம்பியது. ஹானன் ஸ்வாஃபர் போன்ற பத்திரிகையாளர்கள் வெளிப்படையாகவே பகைத்து எழுதினார்கள். கலாட்டா நடக்கும் என்ற பயத்தோடுதான் திரை ஏறியது. முதல் பாதி பெரிதாக எடுபடவில்லை, இரண்டாம் பாதி லண்டனைப் பிடித்துக்கொண்டது. எதிரிகளாக வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் சபையில், ஒலிபெருக்கி இல்லாமல், ஒல்லியான ஒரு பெண் சின்னக் குரலோடு வந்து நின்று அவர்களைத் தன் பக்கம் திருப்பினார். அனுதாபத்தால் ஏறிய புகழா என்று கேட்டீர்களே, இது அவர் இறப்பதற்கு நாலு வருடம் முன்னால் நடந்தது.

அந்தப் பார்வையாளர்களில் ஒருவர் பதினேழு வயதுப் பையன், கான்ஸ்டன்ட் லாம்பர்ட். பின்னாளில் இங்கிலாந்தின் முக்கியமான இசையமைப்பாளரானவர். அந்த இரவு தன் காதுகளை மாற்றிவிட்டது என்ற வகையில் அவர் வாழ்நாள் முழுக்கப் பேசினார். ஜாஸின் தாளமும் நிறமும் அவர் இசைக்குள் வந்ததற்கு அந்த நிகழ்ச்சியை முக்கியக் காரணமாகச் சொல்வார்கள். 1927இல் மில்ஸ் இறந்ததும் அவர் நினைவுக்காகப் பியானோவுக்கு ‘எலிஜியாக் புளூஸ்’ என்று ஒரு சிறு துண்டு எழுதினார்.

இனி நான் மிகவும் மதிக்கும் இடத்துக்கு வருகிறேன். லண்டனிலிருந்து திரும்பியவரை சீக்ஃபெல்ட் என்ற தயாரிப்பாளர் தன் ‘ஃபாலிஸ்’ நிகழ்ச்சிக்கு அழைத்தார். அன்றைய அமெரிக்க ரெவ்யூ உலகில் அதைவிடப் பெரிய மேடை இல்லை. மில்ஸ் மறுத்துவிட்டார். அங்கே போனால் உயர்வது தான் ஒருத்தி மட்டும்தான். முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டு அதே தரத்தில் ஒரு நிகழ்ச்சியை நிறுத்தினால் பலருக்கு வழி பிறக்கும் என்பது அவர் சொன்ன காரணம். இதை ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் என்ற கறுப்பின எழுத்தாளரும் பதிவு செய்திருக்கிறார். 1924 அக்டோபர் 29இல் பிராட்ஹர்ஸ்ட் அரங்கில் ‘டிக்ஸி டு பிராட்வே’ தொடங்கியது. எழுபத்தேழு காட்சிகள்தான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ‘ஷஃபிள் அலாங்’ பக்கத்தில் நிற்காது. ஆனால் அதுவரை இப்படிப்பட்ட நாடகங்களை முகத்தில் கரி பூசிய இரண்டு ஆண் கோமாளிகள்தான் தூக்கி நிறுத்துவார்கள். இங்கே ஒரு பெண் நடுவில் நின்றார், மொத்த நிகழ்ச்சியும் அவரைச் சுற்றி நடந்தது. இந்த மாற்றத்தின் கனம் எழுபத்தேழு என்ற எண்ணில் தெரியாது.

அதில்தான் அவருடைய கருங்குருவிப் பாட்டு வந்தது. நீலக்குருவியைத் தேடி அலையும் ஒரு சின்னக் கருங்குருவி பாடுவதாக அமைந்தது. நீலக்குருவி என்றால் அந்த ஊர் வழக்கில் சந்தோஷம். மற்றவர்களுக்குக் கிடைப்பது எனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை என்று குருவி கேட்கிறது. எழுதியவர்களும் இசையமைத்தவர்களும் வெள்ளையினத்தவர்கள். ஏட்டில் படித்தால் இலேசான காதல் பாட்டு மாதிரிதான் இருக்கும். மில்ஸ் அதைத் தன் இனத்தின் விண்ணப்பமாக மாற்றிப் பாடினார், பேட்டிகளிலும் அந்தப் பொருளோடுதான் பேசினார். ஒரு சொல்லையும் மாற்றாமல் பாட்டின் பொருளை மாற்றுவதுதான் நடிப்பு. என் மாணவர்களுக்கு வருடாவருடம் இந்தப் பாட்டைத்தான் உதாரணம் காட்டினேன். சொல்கிறவர் யார், எந்த இடத்தில் நின்று சொல்கிறார் என்பது சேரும்போது, ‘எனக்கு மட்டும் ஏன் இல்லை’ என்ற சாதாரண வரி முழு மண்டபத்தையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடும். அதையும் பார்வையாளரைக் குத்தாமல், அழவைத்துச் செய்தார்.

குரல் எப்படி இருந்தது? எனக்கு மிகவும் நம்பத்தக்க சாட்சியாகத் தெரிவது ஜான்சனுடையது. 1930இல் வெளியான தன் நூலில், அது சிறிய குரல் என்றே எழுதுகிறார். மேல் ஸ்தாயியில் குமிழ் உடைவது போலவும் மணி ஒலிப்பது போலவும் பறவை கூவுவது போலவும் இருந்ததாம். அந்தச் சின்னக் குரலை வைத்துக்கொண்டு கருங்குருவிப் பாட்டில் அவர் ஏதோ மாயம் செய்வார், கேட்பவருக்குத் தொண்டை அடைத்துவிடும் என்கிறார். இதை ஏன் நம்புகிறேன் என்றால், வெறும் புகழ்ச்சி எழுதுகிறவர் ‘சிறிய குரல்’ என்று எழுதமாட்டார். குறையையும் சேர்த்துச் சொல்லும் சாட்சி நேரில் கேட்டதைச் சொல்கிறது.

சிறிய குரல் ஆயிரம் பேர் உட்காரும் அரங்கில் கடைசி வரிசைக்கு எப்படிப் போகும் என்று நீங்கள் கேட்கலாம். போகும். கனமான குரலைவிட, மேல் ஸ்தாயியில் கூர்மையாக, மூச்சு வீணாகாமல் வரும் குரல் வாத்தியங்களுக்கு மேலே நன்றாகவே மிதக்கும். வார்த்தையின் முதல் எழுத்துகள் தெளிவாக விழ வேண்டும், வாத்தியக்காரர்கள் அடக்கி வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். வில் வோடரி போன்ற தேர்ந்த இசையமைப்பாளர்கள் அவருடைய நிகழ்ச்சிகளில் வாத்தியக் குழுவை நடத்தினார்கள், அந்தக் குரலுக்கு இடம்விட்டு எழுதத் தெரிந்தவர்கள். அவர் ஆடிக்கொண்டும் பாடினார் என்பதையும் மறக்கக்கூடாது. கண்ணுக்குத் தெரியும் உடல், காதுக்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும். தட்டில் அந்தப் பாதி வராது. ஒருவேளை அவர் குரல் பதிவாகியிருந்தால் நீங்கள் கேட்டுவிட்டு “இவ்வளவுதானா?” என்று நினைத்திருக்கவும் கூடும். இதை நான் மறைக்க விரும்பவில்லை.

அவரைக் கோமாளித்தனமான பாட்டுகளுக்கு மட்டும் ஏற்றவர் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாதபடி இன்னொரு சான்று உண்டு. 1926 ஜனவரி 24 அன்று நியூயார்க்கின் ஏயோலியன் மண்டபத்தில், நவீன இசைக்கான ஒரு சங்கத்தின் கச்சேரியில், வில்லியம் கிராண்ட் ஸ்டில் என்ற கறுப்பின இசையமைப்பாளரின் ‘லெவி லேண்ட்’ முதன்முறையாக வாசிக்கப்பட்டது. நடத்தியவர் யூஜீன் கூசன்ஸ். பாடியவர் மில்ஸ். அவருக்காகவே எழுதப்பட்ட பாட்டுகள் அவை. சுருதியைத் தடுமாறச் செய்யும் நவீன வாத்தியப் பின்னணியில், இரவு விடுதியிலிருந்து வந்த ஒரு ரெவ்யூ நடிகை நின்று பாடி, கச்சேரி ரசிகர்களிடம் கைதட்டல் வாங்கினார். காது கூர்மையாக இல்லாதவரால் அது முடியாது.

அதே வருடம் ‘பிளாக்பேர்ட்ஸ்’. கருங்குருவிப் பாட்டின் பெயரே நிகழ்ச்சிக்கு வந்துவிட்டது. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் திரளாக வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் அல்ஹாம்ப்ரா அரங்கில் தொடங்கி, பாரிஸ் போய், 1926 செப்டம்பர் 11இல் லண்டன் பெவிலியனுக்கு வந்தது. அங்கே 276 காட்சிகள். வேல்ஸ் இளவரசர் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார். எத்தனை முறை என்பதில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். பலமுறை என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். லண்டன் முடிந்ததும் இங்கிலாந்தின் மற்ற ஊர்கள். உடம்பு ஒத்துழைக்காமல் போனது. ஓய்வுக்காக ஜெர்மனி போய், 1927 செப்டம்பர் கடைசியில் நியூயார்க் திரும்பினார். அக்டோபரில் ஆஸ்பத்திரி, அறுவைச் சிகிச்சை. நவம்பர் 1 அன்று இறந்தார். முப்பத்தொரு வயது. அன்றைய பத்திரிகைகள் குடல்வால் கோளாறு என்று எழுதின. பின்னால் வந்த வாழ்க்கை வரலாற்று ஆய்வு காசநோய்தான் காரணம் என்கிறது. காசநோய் என்பதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது, ஏனெனில் நீண்ட நாள் உடல் நலிவு அதோடு பொருந்துகிறது. ஆனால் நான் மருத்துவர் இல்லை.

ஹார்லெமில் நடந்த இறுதி ஊர்வலத்துக்கு ஒன்றரை லட்சம் பேர் வரை திரண்டார்கள் என்று சொல்லப்படுவது பத்திரிகை மதிப்பீடு. தெருக்கூட்டத்தை யாரும் எண்ணுவதில்லை. எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அதுவரை ஹார்லெம் அப்படி ஒரு ஊர்வலத்தைக் கண்டதில்லை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆகாய விமானத்திலிருந்து கருங்குருவிகளைப் பறக்கவிட்டார்கள் என்ற கதையும் நூலுக்கு நூல் தொடர்கிறது. அழகான கதை. அவ்வளவு பொருத்தமான கதைகளை நான் சற்றுத் தள்ளியே வைப்பேன்.

இப்போது தட்டு ஏன் இல்லை என்ற கேள்வி. விற்பனைக்கு வந்த இசைத்தட்டு ஒன்றுகூட அவர் பெயரில் இல்லை. பேசும் படமும் இல்லை: பேசும் படக் காலத்தைத் தொடங்கிவைத்த ‘ஜாஸ் சிங்கர்’ நியூயார்க்கில் திரையிடப்பட்டது 1927 அக்டோபர் 6, அவர் அப்போது ஆஸ்பத்திரிக்குப் போகும் நிலையில் இருந்தார். மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை 1925இல்தான் வந்தது. அதற்கு முன்னால் ஒரு பெரிய புனலுக்கு எதிரே நின்று கத்திப் பாட வேண்டும். உரத்த குரல்தான் பதிவு எடுக்கும் மெழுகுத் தட்டில் ஏறும். மென்மையான குரலின் நுணுக்கமெல்லாம் இரைச்சலில் மூழ்கிவிடும். போதாக்குறைக்கு, 1920இல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் தட்டு விற்றுத் தீர்ந்த பிறகு கம்பெனிகள் கறுப்பினப் பாடகிகளிடம் புளூஸ் என்ற சோகச் சாயல் கொண்ட பாட்டு வகையைத்தான் கேட்டன. மில்ஸ் புளூஸ் பாடகி இல்லை. இந்த இரண்டும் சேர்ந்துதான் காரணம் என்பது என் ஊகம். ஊகம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இதற்குள் ஒரு ஓட்டை இருக்கிறது. 1926 டிசம்பரில், மைக் வந்த பிறகு, ‘பிளாக்பேர்ட்ஸ்’ நிகழ்ச்சியின் வாத்தியக் குழு லண்டனில் கொலம்பியாவுக்காக அந்த நிகழ்ச்சியின் பாடல்களைப் பதிவு செய்தது. மில்ஸ் மேடையில் பாடிய ‘சில்வர் ரோஸ்’ அதில் உண்டு. அவர் குரல் இல்லை. அதே ஊரில், அதே வாரங்களில், இரவு அரங்கில் பாடிக்கொண்டுதான் இருந்தார். அந்தத் தட்டைப் போடும்போதெல்லாம் பாடகி நுழைய வேண்டிய இடத்தில் எனக்கு மூச்சு நிற்கும்.

அவரோடு இருந்தவர்களைப் பாருங்கள். அதே மேடையில் நின்ற ஈடித் வில்சன் 1921இலேயே கொலம்பியாவில் பாடியவர். பிளான்டேஷன் விடுதியில் மில்ஸின் இடத்துக்கு வந்த ஈத்தல் வாட்டர்ஸின் தட்டுகள் ஏராளம். அந்தக் காலக் கூட்டத்தில் ஒருவரான ஜோசஃபின் பேக்கர் பாரிஸில் 1926இலிருந்து பதிவு செய்தார், படங்களிலும் நடித்தார். இன்று இவர்கள் பெயர் நம் ஊரில்கூடக் கொஞ்சம் தெரியும், மில்ஸின் பெயர் தெரியாது. அன்று வரிசை அப்படி இல்லை. அவர் இறந்ததும் ‘பிளாக்பேர்ட்ஸ்’ நிகழ்ச்சியின் அடுத்த பதிப்பை அடிலெய்ட் ஹால், பில் ராபின்சன் இருவரையும் வைத்து லெஸ்லி 1928இல் நிறுத்தினார். 518 காட்சிகள் ஓடியது. ஒருவர் விட்ட இடத்தைப் பிடிக்க இரண்டு பெரிய கலைஞர்கள் தேவைப்பட்டார்கள் என்று நான் வாசித்துக்கொள்கிறேன். இது என் வாசிப்பு மட்டுமே.

அவர் இறந்த அதே மாதத்தில் ஃபேட்ஸ் வாலர் ஆர்கன் வாசித்து அவருக்கான அஞ்சலிப் பாட்டு ஒன்று தட்டில் வந்தது. 1928இல் டியூக் எலிங்டன் ‘பிளாக் பியூட்டி’ எழுதினார், அது மில்ஸின் சித்திரம் என்று அவரே சொல்லியிருக்கிறார். லாம்பர்ட், வாலர், எலிங்டன். ஒருவர் லண்டன் கச்சேரி உலகம், ஒருவர் ஹார்லெம் பியானோ, ஒருவர் நூற்றாண்டின் மிகப் பெரிய ஜாஸ் இசையமைப்பாளர். பாட்டெழுதிப் பிழைக்கிறவர்கள் அனுதாபத்துக்காக ஒரு பாட்டு எழுதலாம். ஆனால் ‘எலிஜியாக் புளூஸ்’, ‘பிளாக் பியூட்டி’ இரண்டிலும் ஒரே மாதிரி ஒரு மென்மை, உரக்கப் பேசாத ஒரு வாஞ்சை இருக்கிறது. ஒருவரையொருவர் பார்த்து எழுதாத இருவருக்கும் அதே பெண்ணை நினைத்ததும் அதே சாயல் வந்திருக்கிறது. அவர் குரலுக்கு மிக அருகில் நம்மைக் கொண்டுபோவது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

கேட்டுப் பார்க்க ஆசைப்பட்டீர்கள் என்பதால் நான் என் மாணவர்களுக்குப் போட்டுக்காட்டும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் 1921இல் கெர்ட்ரூட் சாண்டர்ஸ் பாடிய ‘ஷஃபிள் அலாங்’ பாட்டு. அந்த வேடம் மில்ஸின் கைக்கு வரும்போது எப்படி இருந்தது என்று அதில் தெரியும். அடுத்து, 1924 டிசம்பர் 17இல் கிளாரன்ஸ் வில்லியம்ஸ் குழு பதிவு செய்த கருங்குருவிப் பாட்டு. பாடியவர் ஈவா டெய்லர், கூட வாசித்தவர்கள் இருபத்து மூன்று வயது லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சிட்னி பெஷேயும். பிராட்வேயில் மில்ஸ் அதே பாட்டை இரவுதோறும் பாடிக்கொண்டிருந்த நாட்களில் அதே நகரத்தில் எடுத்த தட்டு அது. டெய்லர் இனிமையாக, சிரித்துக்கொண்டே பாடுகிறார். வாத்தியக்காரர்கள் துள்ளுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, வாத்தியத்தையெல்லாம் மனதில் அடக்கி, வேகத்தைக் குறைத்து, குருவி கேட்கும் கேள்வியை அந்தப் பெண் வாழ்ந்த நாட்டில் வைத்துப் பாருங்கள். பிறகு லாம்பர்ட்டின் பியானோத் துண்டு, சில நிமிடம்தான். பிறகு எலிங்டன். கடைசியில் அந்த லண்டன் வாத்தியக் குழுவின் ‘சில்வர் ரோஸ்’. அதை இரண்டு தடவை போடுங்கள். முதல் தடவை குழுவைக் கேளுங்கள்; இரண்டாம் தடவை, பாட்டு வர வேண்டிய இடத்தைக் கேளுங்கள்.